தண்ணீரில் ஓடும் விமான இன்ஜின்!

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)



ஐந்தாவது செமஸ்டர் செமினாருக்கு ஆளாளுக்கு பாய்லர், கியர் பாக்ஸ், பிரேக் என்று தலைப்பு எடுத்தபோது, நான் மட்டும் "அதிவேகப் படகுகளில் டர்பைன் இன்ஜின்" என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. "காஞ்சிபுரத்துல ஏதுடா கடலு?" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் படகு என்றால் பெருமாள் கோயில் தெப்பம்! அதற்கு இன்ஜினும் கிடையாது, அவசரமும் கிடையாது.

ஆனால் இந்த ஆசையை எனக்குள் கிளப்பி விட்டதே நம் கல்விச் சுற்றுலாதான். பெங்களூர் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் மாருத் போர் விமானம் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? (பாதிப் பேர் ஐஸ்கிரீம் வண்டியிடம் நின்றீர்கள், உங்களைக் கேட்டுப் பயனில்லை.) 1961-ல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்துக்கு இரண்டு ஆர்ஃபியஸ் ஜெட் இன்ஜின்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பு; உரிமம் வாங்கி பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையிலேயே கட்டினார்கள். 1965 போரில் பெயர் வாங்கிய நாட் விமானத்துக்கும் ஆர்ஃபியஸ்தான்.

அந்த இன்ஜினைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு படகில் போய் முட்டிக்கொண்டேன். டொனால்ட் கேம்பல் என்ற ஆங்கிலேயர் தன் 'புளூபேர்ட்' படகில் இதே ஆர்ஃபியஸைப் பொருத்தி, 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில் இறங்கினார். வேக சாதனை என்றால் ஒரு தடவை ஓடினால் போதாது. போக ஒன்று, வர ஒன்று, இரண்டின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். போகும்போது மணிக்கு சுமார் 479 கிலோமீட்டர். வரும்போது அதைவிட வேகம். படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அடியில் காற்று புகுந்து, அப்படியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம்! கேம்பலின் உடலையும் படகையும் 2001-ல்தான் ஏரியின் அடியிலிருந்து எடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படகுகளில் புரொப்பல்லரே கிடையாது. விமானத்தைப் போலவே ஜெட் வாயு பின்னால் பீய்ச்சி அடிக்க, படகு முன்னால் பாய்கிறது. அமெரிக்காவின் பெரிய ஹைட்ரோபிளேன் பந்தயப் படகுகள் வேறு ஜாதி. அவற்றில் டர்பைன் ஒரு ஷாஃப்டைச் சுற்றும், ஷாஃப்ட் புரொப்பல்லரைச் சுற்றும். அந்த டி-55 இன்ஜின் சினூக் ஹெலிகாப்டரின் இன்ஜின் வகை. 2019-ல் நம் விமானப்படையில் சேர்ந்ததே, இரண்டு பெரிய விசிறியோடு, அதே சினூக்தான்.

சரி, டீசல் இன்ஜின் இருக்க டர்பைன் எதற்கு? நம் லேபில் இருக்கிற ஒற்றை சிலிண்டர் இன்ஜினை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் சுற்ற ஒருத்தன், லீவரைப் பிடிக்க ஒருத்தன். பிஸ்டன் மேலே போய், நின்று, திரும்பிக் கீழே வர வேண்டும். நாலு ஸ்ட்ரோக்கில் ஒன்றுதான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் உட்கார்ந்து சாப்பிடுகின்றன! டர்பைனில் போவதும் வருவதும் கிடையாது. கம்ப்ரஸர் காற்றை அழுத்த, எரியறையில் எரிபொருள் விடாமல் எரிய, சூடான வாயு பிளேடுகளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் அதே குதிரைத்திறனுக்கு எடை பல மடங்கு குறைவு. படகுக்கு எடைதானே எமன்!

நம் கடற்படையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய நிபாத், நிர்காத், வீர் மூன்றும் சின்ன ஏவுகணைப் படகுகள். ஒவ்வொன்றிலும் மூன்று டீசல் இன்ஜின்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் 42 சிலிண்டர்! (டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணுகிறவன் கதியை யோசித்துப் பாருங்கள்.) 1987-ல் அதே 'வீர்' என்ற பெயரில் புதிய கப்பல் சேர்ந்தபோது உள்ளே இருந்தவை காஸ் டர்பைன்கள். சுமார் 450 டன் எடையைத் தூக்கிக்கொண்டு 36 நாட், அதாவது மணிக்கு 66 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். 'நம்ம டவுன் பஸ் போவாதா?' என்று கேட்காதீர்கள். தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி.

பக்கத்து பெஞ்ச் ஆளை அடக்கியாயிற்று. வீட்டில் அப்பாவை அடக்க முடியவில்லை.

செமினாருக்கு முதல் நாள் ராத்திரி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நாடாவை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "அவ்ளோ எண்ணெயக் குடிச்சிக்கினு தண்ணில எங்கடா போவணும் அவ்ளோ அவசரமா?" என்றார்.

எண்ணெய் விஷயத்தில் அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டர்பைன் முழு வேகத்தில் ஓடினால்தான் ஒழுங்கு. மெதுவாக ஓட்டினால் குடிக்கிற எண்ணெய்க்கு வேலை நடக்காது. அதனால்தான் 2010-ல் சேர்ந்த ஷிவாலிக் போர்க்கப்பலில், சாதாரணமாகப் போக டீசல், பாய்ந்து போக டர்பைன் என்று இரண்டையும் வைத்தார்கள். கடல் காற்றின் உப்பு வேறு பிளேடை அரிக்கும். வடிகட்டி வைத்து, நல்ல தண்ணீரில் கம்ப்ரஸரைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வேகத்துக்குக் கூலி யாரோ கொடுத்துத்தான் ஆகணும்.

எங்கள் வீட்டிலும் கொடுக்கிறார்கள். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளி வாங்க இன்னொரு ஆள் தறியில் உட்கார வேண்டும். பத்தாவது வரை காலையும் சாயங்காலமும் அந்த ஆள் நான்தான். நான் பாலிடெக்னிக் வந்ததும் அப்பா கோர்வையை விட்டுவிட்டார். ஒரே ஆளாக நெய்கிற சேலைதான் போடுகிறார், அதற்குக் கூலி குறைவு. எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் கணக்கை அப்பா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால்தான் அவர் கேள்விக்கு 'சும்மா சாதனைக்குத்தான்பா' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கென் வார்பியின் கதையைச் சொன்னேன்.

வார்பி ஆஸ்திரேலியாக்காரர், மின்கருவி விற்கிற சேல்ஸ்மேன். விமானப்படை கழித்துக் கட்டிய பழைய ஜெட் இன்ஜின் ஒன்றை 65 டாலருக்கு வாங்கினார். சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில் மரத்தாலும் ஃபைபர் கிளாஸாலும் தானே படகைக் கட்டினார். 1978 அக்டோபர் 8 அன்று புளோவரிங் அணைக்கட்டில் அதைத் தானே ஓட்டினார். மணிக்கு 511 கிலோமீட்டர்! அவர் 2023-ல் காலமானார். சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதை உடைக்கப் போன இரண்டு பேர், 1980-ல் ஒருவர், 1989-ல் ஒருவர், தண்ணீரிலேயே உயிரை விட்டார்கள்.

அப்பா நாடாவை நிறுத்தினார். "கொல்லையிலயா?" என்றார். அப்புறம், "அந்த மொத ஆளு படகு ஏன் மூக்கத் தூக்கிச்சு?" என்று கேட்டார்.

இதைத்தான் எங்கள் நாலு பேர் டீம் இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறோம். ஜெட் இன்ஜினுக்கு எங்கே போவது? பேட்டரி மோட்டார்தான். மூன்று புள்ளியில் மட்டும் தண்ணீரைத் தொட்டு ஓடும் ஹைட்ரோபிளேன் மாடல், நாலு அடி நீளம், பிளைவுட். எடையை முன்னும் பின்னும் மாற்றி வைத்து, எந்த வேகத்தில் மூக்கு எழும்புகிறது என்று அளக்கப் போகிறோம். படகு எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறார், நான் உப்புத்தாள் தேய்க்கிறேன். தாமல் ஏரியில் தண்ணீர் நின்றதும் முதல் ஓட்டம். வர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள், சைக்கிளில்தான் போகிறோம்.