உறை சொல்லும் முறை

காவிரி டெல்டாவில் அறுவை சிகிச்சை செய்பவர்களுக்கு ஹைட்ரோசீல் பழகிய நோய். க்யூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் புழு, காலோடு நிற்பதில்லை. ஆண்களின் விரைப்பையிலும் நீர் கோக்க வைக்கும். கூச்சத்தில் வேட்டிக்குள் மறைத்து, சைக்கிள் மிதிக்க முடியாமல் போன பிறகே வருவார்கள். "ஊசி போட்டு தண்ணிய எடுத்துவிட்டாப் போதும் டாக்டர்" என்பார்கள். எடுக்கலாம். ஆனால் நீர் சேரும் உறை அப்படியேதானே இருக்கிறது? மறுபடி ஊறிவிடும்.

அந்த உறையை என்ன செய்வது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. லார்ட் முறையில் கீறல் சிறியது. உறையை வெட்டி எடுக்காமல், சுற்றிலும் தையல் போட்டு விரையின் ஓரமாகச் சுருக்கிவிடுவோம். ரத்தக் கசிவு குறைவு. ஜபூலே முறையில் உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, விரைக்குப் பின்னால் தைப்போம். மூன்றாவது, விரையை ஒட்டி சுமார் 1 செ.மீ. மட்டும் விட்டு மீதி உறையை வெட்டி எடுப்பது.

நீரை வடித்ததும் உறையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்ப்பேன். மெல்லிய சவ்வாக இருந்தால் லார்ட் போதும். பல வருட வீக்கத்தில் உறை தோல் போலத் தடித்திருக்கும். அதைச் சுருக்கினாலோ திருப்பினாலோ விரையைச் சுற்றி ஒரு உருண்டை தங்கிவிடும். "வீக்கம் போகலையே டாக்டர்" என்று நோயாளி திரும்பி வருவார். அங்கே வெட்டி எடுப்பதே சரி. யானைக்கால் புழுவால் வந்த வீக்கத்துக்கும் அதுவே ஏற்றது. திரும்ப வருவது குறையும்.

ஆனால் வெட்டுவதில் இரண்டு கண்டங்கள். பெரிய வீக்கத்தில் விரைமேல் நாளம் (எபிடிடிமிஸ்) தட்டையாக இழுபட்டு, உறையோடு உறையாகப் பரவிக் கிடக்கும். அதை விரலால் தடவி அடையாளம் காணாமல் கத்தரி வைக்கக் கூடாது. அடுத்தது ரத்தம். தடித்த உறையின் வெட்டு விளிம்பு மேஜையில் காய்ந்தது போலிருந்து, இரவில் கசியும். காலையில் பை பழைய அளவுக்கே வீங்கியிருக்கும். அதனால் விளிம்பை டயாதெர்மியால் சுட்டு, அதன்மேல் பூட்டுத் தையலை விடாமல் ஓட்டுவேன். சந்தேகம் இருந்தால் டிரெய்ன் வைத்துவிடுவேன்.

எந்த முறை உசத்தி என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள். உறையைத் தொட்டுப் பார்க்காமல் அதற்குப் பதில் கிடையாது. வெட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால், வெட்டுவதைவிட ரத்தத்தை நிறுத்தவே அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரம் கையில் இல்லையென்றால் ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிவைப்பதே மேல்.