எழும்பி நின்றால் வரும் வருத்தம்

மனிதன் இரு காலில் நிமிர்ந்து நின்றதையே நாகரிகத்தின் முதற்படி என்று வகுப்பறையில் போதிக்கிறோம். அந்த நிமிர்வுக்காக உடல் ஒவ்வொரு முறையும் படும் பாட்டை நாம் போதிப்பதில்லை. எழுந்து நின்றவுடன் அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. நரம்புகள் குருதிக் குழாய்களை இறுக்கி, இதயத்தைச் சற்றே விரைவுபடுத்தி, மூளைக்குரிய பங்கைக் காப்பாற்றுகின்றன. இந்த ஏற்பாடு பிசகினால் தலை சுற்றும், கண் இருளும், நெஞ்சு படபடக்கும், சிந்தனை மங்கும். நாட்பட்ட களைப்பு நோயாளரிடம் இப்பிசகு மிகுதி. 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அந்நோய்க்கு வகுத்த இலக்கணத்திலேயே இது இடம்பெற்றுள்ளது.

கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்த பெண்ணொருவர், என் மாணவனின் தாய், ஒருநாள் என்னிடம், "இருந்தால் சுகம் சேர், எழும்பி நிண்டால்தான் வருத்தம்" என்றார். இந்நோயை இதைவிடத் தெளிவாகக் கூறிய வரியை நான் எங்கும் படித்ததில்லை. ஆயினும், இரண்டு வருடமாக அவரைப் பார்த்த வைத்தியர்கள் அனைவரும் கதிரையில் இருத்தியே பரிசோதித்தனர். இருந்தபடி அளந்தால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும்! 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கணவனை இழந்து, மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டவர் அவர். எனவே, "யோசனை கூடிப்போச்சு" என்ற முடிவு எளிதில் கிடைத்துவிட்டது.

துயரம் பொய்யன்று. வன்னியில் துயரமற்ற வீடு எது? ஆனால் துயரத்தின் பெயரைச் சொல்லி நாடியைப் பார்க்காமல் விடுவதும் அலட்சியமே. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் களைத்து வீழ்ந்த போர்வீரரின் நெஞ்சுப் படபடப்பை டா கொஸ்தா என்ற வைத்தியர் ஆராய்ந்து 1871இல் எழுதினார். ஆயுதம் ஏந்தியவனுக்கு அன்று கிடைத்த அந்தக் கவனம், யுத்தத்தில் தப்பிய ஏழைத் தொழிலாளிப் பெண்ணுக்கு இன்று கிடைக்கவில்லை.

பெரிய யந்திரங்கள் இதற்குத் தேவையா? இல்லை. ஒரு கட்டில், ஒரு சுவர், ஒரு மணிக்கூடு, குருதி அமுக்கமானி: இவை வன்னியின் எந்தக் கிராமிய வைத்தியசாலையிலும் உள்ளவை. நோயாளியைச் சில நிமிடம் படுக்கவைத்து அளக்கவேண்டும். பின்னர், குதிகால் சுவரிலிருந்து ஒரு சாண் விலகியிருக்க, தோள் சுவரில் சாய நிறுத்தி, பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கவேண்டும். விழுந்தால் தாங்க ஒருவர் அருகில் நிற்கவேண்டும். அமுக்கம் வீழாமலே நாடி நிமிடத்துக்கு 30 துடிப்புக்குமேல் உயர்ந்து நிலைத்தால் அது ஒரு வகை. முதல் மூன்று நிமிடத்துள் மேல் அமுக்கம் 20 அலகாவது கீழ் அமுக்கம் 10 அலகாவது வீழ்ந்தால் அது வேறு வகை. இரத்தசோகை, நீர் வற்றுதல், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றையும் விசாரிக்கவேண்டும். நமது வெயிலில் இவை சாதாரணம். ஆனால் எண்கள் சரியாயிருப்பதாலேயே நோயில்லை என்று விரட்டிவிடலாகாது. ஒல்லாந்தில் 429 நோயாளரைச் சாய்வு மேசையில் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாடியும் அமுக்கமும் ஒழுங்காயிருந்தவர்களிற் பெரும்பாலோருக்குங்கூட மூளைக்குச் செல்லும் குருதி அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது.

கடைசியில் ஓர் இளம் வைத்தியர் அப்பெண்ணைச் சுவரோரம் நிறுத்தினார். படுத்திருந்தபோது 74ஆக இருந்த நாடி, எட்டாம் நிமிடத்தில் 118. இருந்து செய்யும் வேலை கொடுக்கும்படி கடிதமும் எழுதிக் கொடுத்தார். கடிதத்தை வாங்கி வைத்த மேற்பார்வையாளர், அந்தப் பிரிவில் கதிரை போடும் வழக்கம் இல்லை என்றாராம்.