எழுபது வளைவுகளும் ஒரு படிப்பும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் கைப்பையில் மறக்காமல் இரண்டு எலுமிச்சம்பழம் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் உற்சாகமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். இருபதைத் தாண்டினால் பேச்சு நின்று, எலுமிச்சம்பழம் கை மாறும்.

நாங்கள் போனது ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. நான், அக்கா, அக்காவின் பெண். அறப்பளீஸ்வரரைத் தரிசித்து மாலையே திரும்புவதாக ஏற்பாடு. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். அக்காவின் முழங்காலை நினைத்து அதை விட்டுவிட்டோம்.

வழியெல்லாம் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே வழக்குதான். பி.எஸ்ஸி. முடித்தவள், "பேரிடர் மேலாண்மை படிக்கப் போறேன்" என்கிறாள். "வெள்ளத்துலயும் இடிபாட்டுலயும் போய் நிக்கிற வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி? பார்க்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்கிறாள் அக்கா. நடுவில் நான்.

நாற்பதாவது வளைவுக்கு மேல் வண்டி நின்றது. மண் சரிந்து பாதி சாலையை அடைத்திருந்தது. ஜே.சி.பி. வைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். பெண் கீழே இறங்கிச் சரிவைக் காட்டினாள். சாய்ந்து நிற்கும் மரங்கள், தரையில் புதிய வெடிப்பு, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது... இவையெல்லாம் மலை தரும் முன்னறிவிப்பாம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு தூக்கத்திலேயே வாரிக்கொண்டு போனதே, அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை.

முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய மலைக்காரப் பெண்மணி ஒருத்தி எங்களோடு பேச்சுக் கொடுத்தாள். "எங்க அம்மா காலத்துல பிரசவ வலின்னா தூளி கட்டித்தான் தூக்கிட்டுப் போவாங்க. இப்ப 108 வருது. ஆனா ரோடு அடைச்சா அதுவும் நிக்கத்தானே செய்யும்? என் மகளுக்கு இது ஒம்பதாம் மாசம்."

அக்கா பதறிவிட்டாள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-இல். அது வர முடியாத நாளுக்கு என்ன வழி? மலைவாழ் மக்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றனவாம். நாள் நெருங்கிய கர்ப்பிணி முன்னதாகவே வந்து தங்கிக்கொள்ளலாம். "நாள் கணக்குப் பார்த்து முன்னாடியே கூட்டிட்டு வந்துடுங்கம்மா. இந்த ஏற்பாட்டைத்தான் நான் படிக்கப் போறேன்" என்றாள் எங்கள் பெண்.

படிப்பு என்னவோ சாகசம் என்று நான் நினைத்திருந்தேன். பாதிக்குமேல் வீட்டு நிர்வாகம்தான், பாருங்களேன்! முகாமில் தங்குகிற ஒருவருக்கு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்று 'ஸ்பியர்' என்ற கையேடு வகுத்திருக்கிறது. உலகெங்கும் நிவாரண வேலை செய்கிறவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். பெண்கள் பயமில்லாமல் போய்வர விளக்கு எங்கே, தாழ்ப்பாள் எப்படி என்பதுகூடப் பாடம்.

மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் இதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தபால்வழி முதுநிலை டிப்ளமா. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். திருமணமாகி வீட்டிலிருக்கும் பட்டதாரிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் மாவட்டத்தின் பேரிடர் உதவி எண் 1077. அதையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வண்டி கிளம்பியது. ஐந்தாறு வளைவு வரை அக்கா வாய் திறக்கவில்லை. அப்புறம் சட்டென்று, "ஏண்டி, 15 லிட்டர்னியே, கைக்குழந்தைக்காரிக்கு அது எப்படிப் பத்தும்? துணி அலசவே காணாதே" என்றாள்.

பெண் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.