உறங்குமுன் அணைப்பதும் உறக்கத்தில் எழுப்புவதும்



மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. அச்செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிடுமாறு பணித்தார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் நுட்பமானது. எரியும் விளக்கின் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரையே எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் அது சொல்கிறது.

மத்ரஸாவில் இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகள் எலியை நினைத்துச் சிரிப்பார்கள். உங்கள் வீட்டில் திரி எது, எலி எது என்று நாம் திருப்பிக் கேட்போம். கட்டிலுக்கு அடியில் புகையும் கொசுவர்த்தி, தலையணைக்கு அடியில் விடிய விடிய சார்ஜ் ஏறும் கைபேசி, நான்கு ஒயர்களைச் சுமக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி என்று அவர்களே அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அணைக்கக்கூடியதை அணைப்பது முதற்கடமை. அணைத்த பின்னரும் மூளுகின்ற நெருப்பை, உறங்குகின்ற நமக்கு யார் அறிவிப்பது?

நம் தஞ்சை மண் தீயின் வடுவைச் சுமக்கும் மண். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் மூண்ட தீ, கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன, ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆனால் நம் படுக்கையறையை ஆய்வு செய்ய எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே பொறுப்பாளர் குடும்பத்தலைவரே. அப்பொறுப்பைக் குறித்து மறுமையில் விசாரிக்கப்படுபவரும் அவரே.

இது நமக்கு ஏட்டுப் பாடமாக நில்லாமல் வீட்டுக் கவலையானது சென்ற மார்கழியில்தான். நம் மகள் தலைப்பிரசவத்திற்கு வந்திருந்தாள். நம் தாயார் எண்பதை நெருங்குபவர். தாயையும் சேயையும் குளிப்பாட்டியதும் சட்டியில் தணல் எடுத்துச் சாம்பிராணி போட வேண்டும், பனிக்காற்று புகாமல் கதவையும் சன்னலையும் சாத்த வேண்டும், இரவெல்லாம் தணற்சட்டி அறையின் மூலையிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கண்டு வளர்ந்த வழக்கம். அன்பில் பிறந்த வழக்கம். ஆயினும் மூடிய அறையில் கரித்தணல் கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உடல் மூச்சுத்திணறும். 2024இல் கொடைக்கானல் விடுதியொன்றில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இளைஞர் இருவர் விடியலில் எழவில்லை.

"நீங்கள் எங்களை வளர்த்தது நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் அம்மா. ஓட்டின் இடுக்கிலும் முற்றத்திலும் காற்று போய்வந்தது. இது கான்கிரீட் வீடு, போன காற்று திரும்ப வழியில்லை" என்று சொன்னோம். "அப்போ சாம்பிராணியே வேணாங்கிறியா?" என்று கேட்டார். "கதவைத் திறந்து வைத்துப் போடுங்கள், போட்டு முடிந்ததும் சட்டியை வெளியே எடுத்துவிடுவோம்" என்றோம். அவர் சிறிது நேரம் பேரப்பிள்ளையின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சட்டியை எடுத்துப் போ என்று கையால் காட்டினார்.

ஓதிப் பார்க்கச் சொல்லி நம்மிடம் வருவோருக்கும் இங்கே ஒரு சொல். ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வருகிறது, வெளியே வந்தால் குறைகிறது என்றால், கண்ணேறு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் எல்லாரையும் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். ஓதுவது அதற்குத் தடையன்று. ஆனால் ஓதிக்கொண்டு அதே அறையில் அமர்ந்திருப்பது தகாது.

கருவி வாங்கப் புகுந்தபோது நாம் முதலில் தெளிந்தது, மூன்று ஆபத்துக்கு மூன்று உணரிகள் என்பதே. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகவே அதன் உணரி அடுப்பறையில் தரையை ஒட்டி இருக்க வேண்டும். புகை மேலே எழும். புகையுணரி படுக்கையறையின் உட்கூரையிலும் அறைக்கு வெளியே நடையிலும் இருக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும். அலறல் பொறுக்காமல் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். மூன்று மீட்டராவது தள்ளியிருப்பது நலம். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடையே உடையது. அதன் உணரியை உறங்குபவர் மூச்சு விடும் உயரத்தில் வைக்கலாம்.

புகையுணரியில், உள்ளே செல்லும் ஒளிக்கதிரைப் புகை சிதறடிப்பதைக் கொண்டு அறியும் வகை நம் வீடுகளுக்குப் பொருத்தம். மெத்தையில் விழுந்த கொசுவர்த்திக் கங்கைப் போலச் சுடரின்றிப் புகைந்து பரவும் தீயை அது விரைவில் உணரும். கார்பன் மோனாக்சைடு கருவி உடனே ஒலிக்கவில்லையே என்று ஐயுற வேண்டாம். அமெரிக்கத் தரவிதிப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்திற்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்திற்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். அளவையும் நேரத்தையும் சேர்த்தே அது எடைபோடுகிறது.

இனி 'ஸ்மார்ட்' என்னும் சிறப்பு. ஓர் அறையில் புகை எழுந்தால் எல்லா அறைக் கருவிகளும் ஒன்றாக ஒலிப்பதும், கைபேசிக்குச் செய்தி வருவதும் நல்ல வசதிகளே. ஆனால் நம் ஊரில் மின்சாரம் போனால் வைஃபையும் போகும். ஆகவே பேட்டரியில் இயங்கி, இணையம் இல்லாமலும் தானே உரக்க ஒலிக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். இவ்வகையில் பெயர்பெற்ற நெஸ்ட் புரொடெக்ட் கருவியின் தயாரிப்பைக் கூகுள் நிறுவனமே 2025இல் நிறுத்திவிட்டது. செயலி நின்றாலும் சங்கு நிற்கக் கூடாது. உணரிக்கும் ஆயுள் உண்டு. புகையுணரியைப் பத்தாண்டிலும், கார்பன் மோனாக்சைடு உணரியை அதன்மேல் குறித்துள்ள காலத்திலும் மாற்றிவிட வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிப்பதைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், மறக்கமாட்டார்கள்.

செய்தி யாருடைய கைபேசிக்குப் போக வேண்டும் என்பதில்தான் நாம் நெடுநேரம் யோசித்தோம். மருமகன் துபாயில் இருக்கிறார். தமக்கு வர வேண்டும் என்றார். நியாயம்தான். பிரிந்திருப்பவரின் கவலை எப்படிப்பட்டது என்பதை இரு பக்கமும் நாம் அறிவோம். 2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்கஃபில் தொழிலாளர் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மூண்ட தீ ஏறத்தாழ 50 பேரைப் பலிகொண்டது. பெரும்பாலோர் இந்தியர், தமிழ்நாட்டவர் 7 பேர், அவர்களுள் நம் தஞ்சை மாவட்டத்தவரும் உண்டு. பலரை மாய்த்தது சுடரன்று, உறங்கும் அறைகளுக்கு ஏறிவந்த புகை. அன்று இங்குள்ள வீடுகள் தொலைபேசியைப் பார்த்தபடி தவித்தன. நம் வீட்டில் புகை எழுந்தால் துபாயில் இருப்பவரும் அவ்வாறே தவிப்பார். வந்து கதவைத் திறக்க அவரால் இயலாது.

நம் பகுதியில் ஆண்கள் வெளிநாட்டிலும், பெண்களும் முதியோரும் இரும்புக் கிரில் பூட்டிய வீட்டிலும் உறங்குகிறார்கள். திருடனுக்குப் பூட்டிய பூட்டு தீயின்போது நம்மையே அடைத்துவிடும். எனவே இரண்டாவது எண்ணாகப் பக்கத்து வீட்டு அண்ணனின் எண்ணைச் சேர்த்தோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச நள்ளிரவிலும் எழுபவர். கிரில்லின் மாற்றுச் சாவியையும் அவரிடமே தந்தோம். "இதுக்கெல்லாம் கேக்கணுமா ஹஜ்ரத்?" என்று வாங்கிக்கொண்டார். அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமைகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அவரை நம்பி நம் உயிரை ஒப்படைப்பதும் அந்த உறவின் ஒரு பகுதி என்பதை அன்று உணர்ந்தோம்.

இதெல்லாம் தவக்குலுக்கு மாறானதா என்று சிலர் கேட்கக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. கருவி தீயை அணைக்காது. எழுப்ப மட்டுமே செய்யும். எழுந்தபின் எந்த வழியாக வெளியேறுவது, முதியவரை யார் தாங்குவது, குழந்தையை யார் எடுப்பது, 101க்கு யார் அழைப்பது என்பதை இன்றிரவே வீட்டாரை அமர்த்திப் பேசிவிடுங்கள். பிறகு அடுப்பை அணைத்து, பாத்திரங்களை மூடி, உறங்கும் துஆவை ஓதிப் படுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும், தொலைதூரத்தில் உறங்கும் நம் பிள்ளைகளையும் இம்மையின் நெருப்பிலிருந்தும் மறுமையின் நெருப்பிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.