எங்கள் கிணற்றடியிலே

கரவெட்டி என்று சொன்னதும் படித்தவர்கள் சில பெயர்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932இல் பிறந்த ஊர். விக்னேஸ்வராக் கல்லூரி இருக்கும் ஊர். 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வடமராட்சி மண். இவற்றிலே எனக்கும் பெருமை உண்டு. மேடைகளிலே நானும் இவற்றைச் சொல்லியிருக்கிறேன். ஆனால், ஊரை விட்டு விலகியிருந்து நினைக்கும்போது என் காதிலே முதலிற் கேட்பது எந்தச் சொற்பொழிவுமன்று. விடிவதற்கு இரண்டு நாழிகைக்கு முன்னே, இருளுக்குள்ளிருந்து எழுகின்ற துலாவின் கிறீச்சொலிதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையிலே பெய்கின்ற மாரி சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளே இறங்கித் தங்குகிறது. மாரி முடிந்தால், அந்த நீரை மேலே கொண்டுவந்தால்தான் தோட்டம். கப்பூதுப் பக்கத்து வயல்கள் மழையை நம்பி ஒரு போகம் விளையும். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிணறே கதி. "யாழ்ப்பாணத்தான் உழைப்பாளி" என்ற புகழுரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் புகழுரை சற்றே தடுமாறும்.

துலாவைக் காணாத இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்றடியிலே நட்ட இரண்டு ஆடுகால்களுக்கு நடுவே அச்சிலே ஆடுகின்ற நீண்ட மரம் அது. நுனியிலே கொடி, கொடியின் அந்தத்திலே பனையோலையால் இழைத்த பட்டை. துலாவின்மேல் ஏறி நிற்பவர் கிணற்றுப் பக்கமாக நடந்தால் பட்டை நீருக்குள் இறங்கும்; திரும்பி அடிப்பக்கமாக நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலிலே கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். கைகளுக்குப் பிடிமானம் உண்டென்றாலும், கால் தவறினால் கீழே கருங்கிணறு. அதன்மேல் முன்னும் பின்னுமாக ஒருவர் ஒரு காலைப்பொழுதுக்குள் எத்தனை கட்டை நடந்திருப்பார் என்று எங்கள் வீட்டிலே எவரும் கணக்குப் பார்த்ததில்லை. வெங்காயத்துக்கும் உரத்துக்கும் மட்டும் கணக்குக் கொப்பி இருந்தது.

எங்கள் தோட்டம் எட்டுப் பரப்பு. நாங்கள் நிலப்பிரபுக்கள் அல்லர். கிணறு நாலு பங்காளிகளுக்குப் பொது. இறைப்புக்கு முறை உண்டு. புகையிலை வெட்டுவதற்கு முன்னரே ஐயா வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருப்பார். விலையை வியாபாரிதான் சொல்வான். ஆனால், அந்த எட்டுப் பரப்பு ஐயாவுக்குக் 'கமக்காறன்' என்ற பட்டத்தைத் தந்திருந்தது. பட்டை பிடித்தவர் ஐயா. தண்ணீர் கட்டியவர் அம்மான். துலா மிதித்தவர் அவர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதற்கு அவருடைய பிள்ளைகளிடம் நான் அனுமதி கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவருடைய பெயரை நான் உச்சரித்த விதத்தை நினைத்தாலே எனக்குக் கூசுகிறது. ஒன்பது வயதுச் சிறுவனாகிய நான், நாற்பது வயதை எட்டியிருந்த அவரைப் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைத்தேன். அவரோ என்னைத் 'தம்பி' என்றும், 'வாங்கோ, போங்கோ' என்றும் அழைத்தார். இதை எவரும் எனக்குக் கற்றுத் தந்ததாக நினைவில்லை. நடக்கக் கற்றதுபோலக் கற்றிருந்தேன்.

எங்கள் கிணற்றின் சட்டம் விசித்திரமானது. அவருடைய கால் துலாவிலே படலாம். அதனால் தண்ணீர் தீட்டுப்படாது. அவருடைய கை கொடியிலே படக்கூடாது. நூற்றுக்கணக்கான பட்டை தண்ணீரைக் காலால் இறைத்தவருக்கு, ஒரு செம்பு தண்ணீரைக் கையால் அள்ளிக் குடிக்க உரிமையில்லை. இறைப்பு முடிந்ததும் அவர் வேலியோரத்திலே குந்தியிருந்து இரண்டு கைகளையும் குவித்து வாயோடு அணைத்துக்கொள்வார். செம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றுவது என் வேலை.

1955ஆம் ஆண்டாக இருக்கவேண்டும். ஒரு நாள் அவர் குடித்துக்கொண்டிருக்கையிலே, விளையாட்டாகச் செம்பைச் சட்டென்று சரித்தேன். தண்ணீர் மூக்கிலும் நெஞ்சிலும் பாய்ந்து அவருக்குப் புரைக்கேறியது. நான் சிரித்தேன். இருமல் அடங்கியதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மெல்ல ஊத்துங்கோ தம்பி." பக்கத்திலே, என்னைவிட இரண்டு வயது மூத்த அவருடைய மகன் நின்றான். அவன் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை, என்னைப் பார்த்தான். எழுபது வருடங்கள் ஆகின்றன. எத்தனையோ முகங்கள் மறந்துவிட்டன. அந்தப் பார்வை மறக்கவில்லை.

அவருடைய மனைவி களைபிடுங்கவும் அரிவு வெட்டவும் வருவாள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி என்பது எழுதாத விதி. மாலையிலே எங்கள் ஆச்சி கூலி நெல்லை அளப்பாள். கடைசிக் கொத்தை அளக்கையிலே ஆச்சியின் கை தானாகவே குறுகும். அதே ஆச்சிதான் அந்த வீட்டிலே காய்ச்சலென்று கேள்விப்பட்டால் கஞ்சிக்கு அரிசியும் கொத்தமல்லியும் கொடுத்தனுப்புவாள். இரண்டும் உண்மை. ஆச்சியின் நல்ல மனசைப் பற்றி உறவினர் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்; அந்தக் கடைசிக் கொத்தைப் பற்றி அவள் வீட்டிலே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைக் கேட்டறிய நாம் போகவில்லை.

மகன் படித்தான். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகச் சூரன் என்ற பெருமகன் 1914இல் தேவரையாளியிலே தொடக்கிய பாடசாலை, எங்கள் பகுதியிலே பல வீடுகளுக்கு விளக்கேற்றியது. எழுத்தறியாத தகப்பனுக்கு மகன் மாலையிலே பத்திரிகை வாசித்துக் காட்டுவான் என்று பின்னர் அறிந்தேன். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த செய்தியையும் அப்படித்தான் அவர் கேட்டிருப்பார். சட்டம் வந்த மறுநாளும் எங்கள் கிணற்றடியிலே செம்பு உயரத்திலிருந்துதான் ஊற்றியது.

அந்த வழக்கத்தை முறித்தது சட்டமுமன்று, எங்கள் மனமாற்றமுமன்று. 1962 வாக்கிலே ஐயா கடன்பட்டு ஒரு மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் வாங்கினார். குழாய் வழியே தண்ணீர் தொட்டிக்குள் பொங்கி விழுந்தது. கொடியுமில்லை, பட்டையுமில்லை. முதல்நாள் வேடிக்கை பார்க்க வந்த அவர், ஒருவரையும் கேளாமல் குனிந்து குழாய்வாயிலே கையை நீட்டித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஐயா பார்த்துக்கொண்டு நின்றார். எந்தச் சட்டத்தைச் சொல்லித் தடுப்பதென்று அவருக்கே தெரியவில்லைப்போலும். ஆனால், அன்றோடு துலா ஓய்ந்தது; துலா மிதித்த கூலியும் ஓய்ந்தது. தண்ணீரைக் கொடுத்த இயந்திரம் வேலையைப் பறித்துக்கொண்டது. இதை முன்னேற்றம் என்று எழுதுகின்றவர்கள் இரண்டு வரியையும் சேர்த்து எழுதவேண்டும்.

பின்வந்த ஆண்டுகளின் வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், அதன்பின் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல், தேநீர்க்கடைப் போராட்டங்கள். கரவெட்டியிலே கன்பொல்லை மக்கள் அந்த வரலாற்றிலே தங்கள் பெயரைப் பதித்தவர்கள். நெல்லியடிக்குக் கூட்டத்துக்கு நானும் போனேன். அங்கே முன்வரிசையிலே அவருடைய மகனைக் கண்டேன். அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். தோழர் என்று அழைக்கவில்லை. அழைத்திருக்கவேண்டுமென்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். திண்ணையிலே இருந்து மாக்சிம் கோர்க்கியைப் படித்துக் கண்கலங்கிய நாட்களிலே, எங்கள் வீட்டு முற்றத்திலே கூலிக்காரருக்குத் தேநீர் சிரட்டையிலேதான் வந்தது. மூக்குப்பேணியை எடுத்துக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்ல எனக்கு மேலும் மூன்று வருடங்கள் வேண்டியிருந்தன.

1970க்குப் பின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை வந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அதுவரை காணாத விலை. அவர் நாலு பரப்பைக் குத்தகைக்கு எடுத்து மகனோடு மிளகாய் வைத்தார். அந்தக் காசிலே கல்வீடு எழும்பியது. முற்றத்திலே சொந்தமாக ஒரு கிணறும் வெட்டினார்கள். 1977இலே திறந்த பொருளாதாரம் வந்து விலை சரிந்தபோது எங்களைப் போலவே அவர்களும் அடிபட்டார்கள். 1987 மே மாதத்திலே வடமராட்சிமீது இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எல்லாரும் ஒரே ஒழுங்கையால் ஓடினோம்.

1990க்குப் பின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கிலே, எட்டாத விலைக்கு வந்தது. இயந்திரம் மூலையிலே கிடக்க, வெங்காயம் வாடியது. தம்பியும் நானும் கொட்டிலிலே கிடந்த பழைய துலாவைத் தூக்கி நிறுத்தினோம். மிதிப்பதற்கு ஆளில்லை, நாற்பத்தைந்து வயதிலே நானே ஏறினேன். நாலடி நடந்ததும் தொடை நடுங்கியது. கிணறு கீழே சுழன்றது.

கிறீச்சொலி ஒழுங்கை தாண்டிக் கேட்டிருக்கவேண்டும். பொல்லை ஊன்றிக்கொண்டு அவர் வந்தார். வேலியோரத்திலே சிறிது நேரம் நின்று பார்த்தார்.

"மாஸ்ரர், காலைப் பாராதேங்கோ. தூரத்திலை பனையைப் பாத்து நடவுங்கோ."

சொன்னபடி நடந்தேன். கால் பிடிபட்டது. அரை மணி நேரம் நின்று, எங்கே திரும்பவேண்டும், எங்கே பாரத்தை விடவேண்டும் என்று பொல்லால் காட்டித் தந்தார். இறைப்பு முடிந்து இறங்கியபோது என் உள்ளங்காலிலே கொப்புளம். மூக்குப்பேணியிலே தண்ணீர் கொண்டுபோய், "குடியுங்கோ அண்ணை" என்று நீட்டினேன். அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல்தடவை.

"வேண்டாம் மாஸ்ரர். நான் எங்கடை கிணத்திலை குடிச்சிட்டுத்தான் வந்தனான்."

கோபமில்லை, குத்தலுமில்லை. பொல்லை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பேணித் தண்ணீரை என்ன செய்தேன் என்று நினைவில்லை, பாத்தியிலே ஊற்றியிருப்பேன்.