கப்ளிங் நேர்பார்க்கும் வேலை

விசைப்படகின் எஞ்சினையும் புரொப்பெல்லர் தண்டையும் இணைப்பது கப்ளிங். கியர் பாக்ஸின் பின்புறம் ஒரு வட்டத் தட்டு, தண்டின் முனையில் இன்னொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்துப் போல்ட் போட்டு முறுக்கினால் எஞ்சினின் சுழற்சி தண்டுக்குப் போய்ச் சேரும். புதுக்கோட்டை மாவட்டத்தில் விசைப்படகுகள் நிற்பது கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவை கரையேறும். பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது எல்லாம் அப்போதுதான். கப்ளிங்கும் அந்த நெரிசலில்தான் பார்க்கப்படுகிறது. ஆனால் மற்ற வேலைகளைப் போல இதைக் கரையிலேயே முடித்துவிட முடியாது.

தமிழகக் கடற்கரையில் அசோக் லேலண்ட் டீசல் எஞ்சின் பரவலாக ஓடுகிறது. அதே குடும்பத்து எஞ்சின் லாரியில் இருக்கும்போது, யுனிவர்சல் ஜாயின்ட் கோண வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். 1920களின் கார்கள் பலவற்றில் அந்த இடத்தில் துணி அடுக்கி இறுக்கிய வட்டத் தட்டுகள் இருந்தன. அவை வளைந்து கொடுத்தன. படகில் இரும்பும் இரும்பும் நேரடியாகச் சேர்கின்றன. அங்கே வளைந்து கொடுக்க எதுவும் இல்லை.

விலகல் இரண்டு விதம். இரண்டு தண்டும் இணையாக இருந்தும் ஒன்று சற்று மேலேயோ பக்கவாட்டிலோ தள்ளி நிற்கலாம். அல்லது ஒன்றுக்கொன்று கோணமாகச் சாய்ந்திருக்கலாம். நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும்.

வேலை தண்டைத் தாங்கிப் பிடிப்பதில் தொடங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு தன் எடையாலும் தட்டின் எடையாலும் தொங்கும். அதைத் தூக்கி நிறுத்தாமல் அளந்தால் அளவே பொய். பிறகு போல்ட் இல்லாமல் இரண்டு தட்டுகளையும் கையால் நெருக்க வேண்டும். ஒன்றின் நடுமேடு மற்றதன் பள்ளத்தில் தடையின்றி இறங்கினால் மைய விலகல் பெரிதாக இல்லை. அடுத்தது ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு. மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்திலும் இடைவெளிக்குள் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். தட்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஆறு அங்குலத் தட்டுக்கு ஆறு தவ், சுமார் 0.15 மில்லிமீட்டர்.

நல்ல ஃபிட்டர் அதோடு நிறுத்தமாட்டார். தண்டை அரைச் சுற்று திருப்பி மறுபடி அளப்பார். பெரிய இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் இருப்பில் கோளாறு; தண்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது தட்டின் முகம் கோணல். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு எஞ்சினுக்கு அடியில் சிம் தகடு சொருகிக்கொண்டே இருப்பது வீண். தகடு சொருகி, அடிப்போல்ட்டை இறுக்கியபின் திரும்ப அளந்தே ஆகவேண்டும். இறுக்கும்போது எஞ்சின் நகரும்.

கரையில் கட்டையில் நிற்கும் படகின் வடிவம் ஒன்று. தண்ணீரில் மிதக்கும்போது இன்னொன்று. மரப்படகானால் பலகை நீரில் ஊறுவதால் மாற்றம் கூடுதல். அதனால்தான் கடைசி அளவை, படகு ஓரிரு நாள் மிதந்தபின், டீசலும் தண்ணீரும் ஏற்றிய நிலையில் எடுக்க வேண்டும். கரையில் எடுத்தது உத்தேச அளவு மட்டுமே.

நேராக இல்லாத கப்ளிங் உடனே உடையாது. முதலில் அதிர்வு. பிறகு தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் நீரைத் தடுக்கும் கிளாண்டு: தண்டு ஓடும்போது சில சொட்டு நீர் கசிவது அங்கே இயல்பு, அது ஒழுக்காக மாறும். கியர் பாக்ஸ் ஆயில் சீல் போகும், பேரிங் போகும், போல்ட் தளரும். கடைசியில் கப்ளிங்கை ஒட்டித் தண்டே முறியலாம். பாக் நீரிணையில் இது வெறும் எஞ்சின் கோளாறாக முடிவதில்லை. இந்தியா–இலங்கை 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு பக்கத்தில் கிடக்கிறது. ஓட்டம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுபோகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. மறுகரையில் பிடிபட்டால் ஆட்களுக்குச் சிறை, படகு பறிபோகும்.

இவ்வளவு தெரிந்தும் மிதந்தபின் அளப்பதற்கு நாள் ஒதுக்கப்படாமல் போவதற்குக் காரணம் அறியாமை அல்ல, கடன். தடைக்காலச் செலவுக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டியிருக்கிறது. தடை முடிந்த முதல் நாளே படகு கடலுக்குப் போகாவிட்டால் முன்பணம் வாங்கியவருக்குக் கடன் ஏறும். முன்பணம் கொடுத்தவருக்கு எந்த நட்டமும் இல்லை. படகின் ஆபத்தெல்லாம் ஏறிப்போகிறவர் தலையில், லாபத்தின் முதல் பங்கு கரையில் நிற்பவர் கையில் என்பது நியாயமான ஏற்பாடு அல்ல. ஃபிட்டரின் கூலியும் இந்த அவசரத்தில்தான் பேரம் பேசப்படுகிறது; அவர் மறுநாள் வந்து அளக்கும் நேரத்துக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை ஆண்டுதோறும் நேரில் ஆய்வு செய்கிறது. மிதந்த நிலையில் எடுத்த கப்ளிங் அளவையும் அந்த ஆய்வுப் படிவத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை படகு உரிமையாளர்கள் ஜூன் 14க்கு மூன்று நாள் முன்பே படகை இறக்கிவிட்டு, ஃபிட்டரை இரண்டாம் முறை கூப்பிடட்டும்.