தொடுவானம் எவ்வளவு தூரம்?

அப்பா பாய்மர வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். பிற்பகலில் மற்ற பெண்களெல்லாம் கரையில் நிற்க, அம்மா மட்டும் என்னை இழுத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறுவாள். மணல் காலைச் சுடும். கொஞ்ச நேரத்தில், "லே, பாய் தெரியுது! அக்காகிட்ட உலை வைக்கச் சொல்லு" என்பாள். கரையில் நின்றவர்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அதன் காரணம் பத்தாம் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. நம் கண்ணிலிருந்து கடலைத் தொட்டுச் செல்லும் பார்வைக் கோடு பூமி உருண்டைக்கு ஒரு தொடுகோடு. தொடும் இடத்தில் அது ஆரத்துக்குச் செங்குத்து. பிறகென்ன, பித்தாகரஸ்தான். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. கணக்கைப் போட்டுப் பார்த்தால் எளிய வழி ஒன்று கிடைக்கும்: கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து 13ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 'தொடுவானம்' என்று பெயர் வைத்தவர்களுக்குத் தொடுகோடும் தெரிந்திருக்குமோ என்று அன்று வியந்தேன்.

கரையில் நின்ற அம்மாவின் கண் உயரம் ஒன்றரை மீட்டர். அங்கிருந்து தொடுவானம் 4.4 கி.மீ.தான். மேட்டின் மேலே கண் உயரம் 10 மீட்டர் என்றால் 11.4 கி.மீ. பாய் நுனி 4 மீட்டர் உயரம் என்றால் அதற்கும் ஒரு 7 கி.மீ. சேரும். அதனால்தான் வள்ளத்துக்கு முன்னால் பாய் நுனி தெரிகிறது. காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடத் தெரியும். கண்ணின் கூர்மையும் வானத் தெளிவும் வேறு விஷயம்.

ஆக, மேட்டில் ஏறியதால் அம்மாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 7 கி.மீ. சுமாரான காற்றில் வள்ளத்துக்கு அது ஒரு மணி நேர ஓட்டம்.

கணக்கு வாத்தியாரான பிறகு ஒருநாள் இதை அம்மாவிடம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் எனக்கு என்னலே தெரியும்? மேட்டுல ஏறினா ஒரு மணி நேரப் பயம் குறையும். அவ்வளவுதான்."

இப்போது அம்மாவும் இல்லை, மேடும் இல்லை. அங்கே வீடுகள் வந்துவிட்டன. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் மணலில் உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பாருங்கள். எழுந்து நிற்பதிலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகத் தெரியும்.